நெளிந்த வாயு வட்டுகளுக்கு ஃபாண்டம்: எங்கே நம்பலாம், எங்கே தயங்க வேண்டும்

ஃபாண்டம் என்பது வானியல் பாய்மங்களின் இயக்கத்தைக் கணிப்பதற்கான ஒரு மென்பொருள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பிரைஸ் தலைமையில் உருவான இதன் முழு விளக்கக் கட்டுரை 2018-இல் ஆஸ்திரேலிய வானியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட மூலநிரல், ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் கீழ் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. விண்மீன்களின் பிறப்பு, தூசு கலந்த வாயு, கருந்துளையிடம் சிக்கிச் சிதையும் விண்மீன் என இதற்குப் பல பயன்கள் உண்டு; அவற்றுள் ஒன்றை மட்டும் இந்த மதிப்புரை எடுத்துக்கொள்கிறது. விண்மீனையோ கருந்துளையையோ சுற்றிவரும் வாயு வட்டு ஒரே தளத்தில் அமையாமல் நெளிந்திருக்கும்போது, அந்த நெளிவு எப்படிப் பரவும், எந்த நிலையில் வட்டையே கிழித்துவிடும் என்ற கேள்விகளுக்கு ஃபாண்டம் தரும் விடைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இங்கு பொருள். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய நெளிவுகளுக்கும் வட்டு கிழிதலுக்கும் இவ்வளவு எளிதில் கைக்கு வரும் கருவி வேறொன்றை நான் அறியேன். ஆனால் பாகுநிலை (வாயு அடுக்குகளுக்கிடையிலான உராய்வு) என்ற ஒரே ஒரு அளவுருவை யோசிக்காமல் நிரப்புபவருக்கு, இது அழகான படங்களோடு சேர்த்துத் தவறான முடிவையும் கொடுத்துவிடும்.

நெளிந்த வட்டுகள் அரியவை அல்ல. ஏறத்தாழ 2.5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4258 என்ற விண்மீன் திரளின் மையத்தில், சுமார் 4 கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளையைச் சுற்றும் மெல்லிய வட்டு நெளிந்திருப்பதை, அதிலுள்ள நீர் மூலக்கூறுகளின் மேசர் உமிழ்வை (லேசர்போலப் பெருகி வரும் நுண்ணலைக் கதிர்வீச்சை) அளந்து 1990-களிலேயே கண்டுகொண்டார்கள். ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற நியூட்ரான் விண்மீனின் எக்ஸ் கதிர் ஒளிர்வு சுமார் 35 நாட்களுக்கு ஒருமுறை மங்கி மீள்வதற்கும், சாய்ந்து நெளிந்த வட்டு நம் பார்வைக்குக் குறுக்கே வந்து விலகுவதே காரணம் என்று விளக்கப்படுகிறது. இத்தகைய நெளிவு தோன்ற, வட்டின் தளத்தோடு ஒத்துப்போகாத ஒரு திருப்புவிசை வேண்டும். இரட்டை விண்மீன்களின் ஈர்ப்பு அதைத் தரலாம். சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே இழுத்துச் சுழற்றும் லென்ஸ்-தெர்ரிங் விளைவும் தரலாம். அந்த விளைவில், சாய்ந்த வளையம் ஒவ்வொன்றும் பம்பரம்போலத் தலையாடுகிறது. தலையாட்டத்தின் வேகம் தொலைவின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், இரு மடங்கு தொலைவிலுள்ள வளையம் எட்டில் ஒரு பங்கு வேகத்தில்தான் திரும்புகிறது. உள்வளையம் முந்தவும் வெளிவளையம் பிந்தவும் வட்டு முறுக்கிக்கொள்கிறது.

இனி வருவதுதான் இத்துறையின் நுட்பமான இடம். அண்டை வளையங்களின் நடுத்தளங்கள் ஒன்றுக்கொன்று விலகியிருப்பதால், நடுத்தளத்துக்கு மேலும் கீழும் இருக்கும் வாயு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை உள்நோக்கியும் ஒருமுறை வெளிநோக்கியும் அழுத்தத்தால் தள்ளப்படுகிறது. கெப்ளர் விதிப்படி சுற்றும் வட்டில், ஒரு வாயுத் துணுக்கு உள்ளும் வெளியுமாக ஊசலாடும் இயல்பான அதிர்வெண்ணும் அது சுற்றிவரும் அதிர்வெண்ணும் ஒன்றே. ஆகவே அழுத்தத்தின் தள்ளுதல் ஒத்திசைவாக விழுந்து, பக்கவாட்டு ஓட்டங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்துவது பாகுநிலை மட்டுமே. சாய்வுக்குரிய கோண உந்தத்தை வளையத்திலிருந்து வளையத்துக்குச் சுமந்து செல்வதும் அதே ஓட்டங்கள்தாம். இதன் விளைவு சற்று வியப்பானது. பாகுநிலை குறையக் குறையப் பக்கவாட்டு ஓட்டம் வலுப்பெறுகிறது. எனவே நெளிவு இன்னும் விரைவாகச் சமப்படுகிறது. பாபலோய்சூவும் பிரிங்கிளும் 1983-இல் காட்டியபடி, சிறிய நெளிவுகளுக்கு, நெளிவு பரவிச் சமப்படும் வேகத்தைக் குறிக்கும் விரவல் எண்ணுக்கும் வாயுவை உள்ளே வடியச் செய்யும் விரவல் எண்ணுக்கும் இடையிலான விகிதம், ஆல்ஃபா என்ற பாகுநிலை எண்ணின் இருமடியை இரண்டால் பெருக்கி வருவதன் தலைகீழ். ஆல்ஃபா 0.1 என்றால் விகிதம் 50. ஆல்ஃபா 0.3 என்றால் அது ஏறத்தாழ ஐந்தரைக்கு இறங்கிவிடும். ஆகவே பாகுநிலையில் செய்யும் சிறு பிழை நெளிவின் பரவலில் பெரிதாகத் தெரியும். இந்த ஒரு கருத்தை மனத்தில் நிறுத்தாமல் ஃபாண்டத்தைத் திறப்பது வீண்.

கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் மென்பொருள்களுக்கு நெளிந்த வட்டு இயல்பாகவே தலைவலி. கட்டம் ஒரு தளத்தைத் தனக்கெனத் தேர்ந்துகொண்டிருக்கும். வாயு அதற்குச் சாய்வாகக் குறுக்கிடும்போதெல்லாம், இயற்கையில் இல்லாத ஒரு விரவல் கணக்கில் புகுந்துவிடும். ஃபாண்டம் வாயுவைத் துகள்களாகப் பிரித்து, ஒவ்வொரு துகளின் அண்டைத் துகள்களையும் வைத்து அடர்த்தியையும் அழுத்தத்தையும் கணிக்கிறது. துகள்களுக்கு மேலெது, கீழெது என்ற பாகுபாடு இல்லை. 5 பாகை சாய்ந்த வட்டும் 60 பாகை சாய்ந்த வட்டும் அவற்றுக்கு ஒன்றே. கோண உந்தம் மிகத் துல்லியமாகப் பாதுகாக்கப்படுகிறது. நெளிவு என்பதே கோண உந்தத்தின் திசை மாறும் கதை என்பதால், இது இங்கு அலங்காரச் சிறப்பாக நின்றுவிடாமல் அடிப்படைத் தகுதியாகிறது. ஒலிவேகம் நடுத்தளத்தில் அளக்கப்படாமல், மையத்திலிருந்து உள்ள நேர்த்தொலைவைப் பொறுத்தே அமைக்கப்படுவதும் கவனிக்கத்தக்கது; வட்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வெப்பநிலை அதனோடு சேர்ந்தே செல்கிறது.

தொடங்குவது எளிது. வட்டுக்கான ஆயத்த அமைவைத் தேர்ந்து நிரலைத் தொகுத்தால், ஓர் அமைவுக் கோப்பு உருவாகிறது. மைய நிறை, உள் ஆரம், வெளி ஆரம், துகள்களின் எண்ணிக்கை, தடிமனுக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம், ஆல்ஃபா ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு வரியில், பக்கத்திலேயே குறுவிளக்கத்தோடு நிற்கின்றன. நெளிவு வேண்டும் என்ற வரியை ஆம் என்று மாற்றியதும், நெளிவின் மையம் எந்த ஆரத்தில், அது எவ்வளவு அகலத்தில் பரவியிருக்கிறது, வெளிவட்டின் சாய்வு எத்தனை பாகை என்ற வரிகள் தோன்றுகின்றன. மையத்தில் சுழலும் கருந்துளை வேண்டுமானால், லென்ஸ்-தெர்ரிங் விசையைத் தோராயமாகச் சேர்க்கும் புறவிசைத் தேர்வு உண்டு. முழுச் சார்பியலில், சுழலும் கருந்துளையைச் சூழ்ந்த வளைந்த வெளியான கெர் வெளியிலேயே துகள்களை ஓடவிடும் வசதியும் பின்னர் சேர்க்கப்பட்டிருக்கிறது. கணிப்பை நடுவில் நிறுத்தி, உள்ளீட்டுக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இவ்வளவு நுட்பமான ஒரு கேள்விக்கான வாசல் இவ்வளவு தாழ்வாக இருப்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன், சிறு அச்சத்தோடு.

அச்சத்துக்குக் காரணம், அமைவுக் கோப்பில் நாம் எழுதும் ஆல்ஃபா. அந்த எண் வாயுவுக்கு நேரடியாகச் சென்று சேர்வதில்லை. ஃபாண்டம் வழக்கமாக, அதிர்ச்சி அலைகளைக் கையாள வைத்திருக்கும் செயற்கைப் பாகுநிலையையே வட்டின் பாகுநிலையாகவும் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு துகளுக்கும், அண்டைத் துகள்கள்மீது அதன் தாக்கம் எட்டும் தூரமான ஒரு மென்மையாக்க நீளம் உண்டு; அதற்கு வட்டின் தடிமனோடு உள்ள விகிதத்தைச் செயற்கைப் பாகுநிலை எண்ணால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் வருவதுதான் வட்டு உண்மையில் உணரும் ஆல்ஃபா. விகிதம் 0.25 என்று வைத்துக்கொண்டால், 0.05 என்ற ஆல்ஃபாவுக்குச் செயற்கைப் பாகுநிலை எண் 2 ஆக இருக்க வேண்டும், 0.01-க்கு 0.4 போதும், 0.001 வேண்டுமென்றால் அது 0.04-க்கு இறங்க வேண்டும். அவ்வளவு தாழ்வான மதிப்பில் துகள்களின் ஒழுங்கு குலைந்து கணக்கில் இரைச்சல் ஏறிவிடும் என்பதால், செயற்கைப் பாகுநிலை எண் 0.1-க்குக் கீழே போகாமல் இருப்பதே நல்லது. அடுத்த சிக்கல் இதைவிட நுண்ணியது. கணிப்பு ஓட ஓட, துகள்கள் மையத்தில் விழுந்து மறைகின்றன. மீதியுள்ளவற்றின் மென்மையாக்க நீளம் வளர்கிறது. அதனோடு ஆல்ஃபாவும் சத்தமில்லாமல் ஏறுகிறது. உள்விளிம்பில் இது மிகுதி. தொடக்கத்தில் நாம் எழுதிய 0.01, கருந்துளைக்கு அருகே வேறோர் எண்ணாக மாறியிருக்கும்; நெளிவு கூர்மையாக உருவாகும் இடமும் அதுதான்.

துகள்களைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். மென்மையாக்க நீளத்தைப் பாதியாக்கத் துகள்களை எட்டு மடங்காக்க வேண்டும். காலப்படியும் பாதியாகும் என்பதால் கணக்கின் செலவு பதினாறு மடங்காகும். செலவைக் கட்டுப்படுத்த ஒரு பழைய உத்தி உண்டு: பரப்படர்த்தி (வட்டின் ஓர் அலகுப் பரப்பிலுள்ள வாயுவின் நிறை) ஆரத்தின் 3/2 படிக்கு எதிர்விகிதத்திலும், ஒலிவேகம் 3/4 படிக்கு எதிர்விகிதத்திலும் குறையுமாறு அமைத்தால், தொடக்கத்திலாவது வட்டு முழுவதும் ஒரே பிரிதிறன் கிடைக்கும். கருந்துளை வட்டுகளைக் கணிப்பவர்கள் இந்த அமைப்பை விரும்பி எடுப்பது இதனால்தான். உண்மையான வட்டுகள் அப்படித்தான் இருக்கின்றன என்று யாரும் நிறுவியதால் அன்று. இதை மறந்துவிட்டு முடிவுகளை வானத்தின் மீது ஏற்றிப் பேசுவோரைப் பார்க்கும்போது சற்றே சிரிப்பு வருகிறது.

பாகுநிலையை இவ்வளவு வலியுறுத்துவதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. லோடாட்டோவும் பிரிங்கிளும் 2007-இல் வேறொரு துகள் நிரலைக் கொண்டு நெளிவின் விரவலை அளந்தபோது, கோட்பாடு சொன்னதற்கும் கணினி காட்டியதற்கும் நல்ல பொருத்தம் வரவில்லை. கோட்பாடு தவறோ, நெளிந்த வட்டில் வேறேதோ நிலையின்மை ஆற்றலைத் தின்கிறதோ என்ற ஐயம் எழுந்தது. லோடாட்டோவும் பிரைஸும் 2010-இல், 2 கோடி துகள்கள் வரை சென்று ஃபாண்டத்தைக் கொண்டு அதே சோதனையை மீண்டும் செய்து, குறை பாகுநிலையை அளவீடு செய்த முறையில்தான் இருந்தது என்று கண்டார்கள். அதைச் சரிசெய்ததும், ஓகில்வி 1999-இல் பெரிய நெளிவுகளுக்காக வகுத்த சமன்பாடுகளோடு கணினி முடிவுகள் வியக்கத்தக்க அளவில் பொருந்தின. எனக்கு இந்த மென்பொருளின் மீதுள்ள நம்பிக்கையின் பெரும்பகுதி அந்த ஒரு கட்டுரையிலிருந்து வருவது. எந்த வண்ணப் படமும் தராத உறுதியை, எதிர்பார்த்த கோட்டின் மீது வந்து அமரும் புள்ளிகள் தருகின்றன.

வட்டு கிழிதலில் ஃபாண்டம் தன் முழு வலிமையைக் காட்டுகிறது. சாய்ந்த வட்டின் உள்பகுதியைக் கருந்துளை மெல்லத் தன் சுழற்சித் தளத்துக்கு இழுத்துக்கொள்ளும், வெளிப்பகுதி சாய்ந்தே இருக்கும், நடுவில் மென்மையான நெளிவு இருக்கும் என்பது பார்டீனும் பெட்டர்சனும் 1975-இல் வரைந்த சித்திரம். நிக்சன், கிங் ஆகியோரும் பிரைஸும் 2012-இல் ஃபாண்டத்தைக் கொண்டு பார்த்தபோது, சாய்வு பெரிதாக இருந்தால் அந்த மென்மையான நெளிவு உருவாவதில்லை என்று தெரியவந்தது. லென்ஸ்-தெர்ரிங் திருப்புவிசை, வளையங்களைப் பிணைத்திருக்கும் உள்விசைகளை வென்றுவிடுகிறது. வளையங்கள் தனித்தனியே கழன்று தலையாடி, ஒன்றோடொன்று மோதி, எதிரெதிர்க் கோண உந்தங்கள் கழிந்துபோக, வாயு நேராக உள்ளே விழுகிறது. இதை ஓட்டிப் பார்ப்பவர் படங்களுக்கு முன்னால், கூடவே வரும் பகுப்பாய்வுக் கருவி தரும் அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆரத்துக்கும் பரப்படர்த்தி, மென்மையாக்க நீள விகிதம், சாய்வு, முறுக்கு, நெளிவின் வீச்சு ஆகியவை அதில் நிரல்நிரலாக வருகின்றன. கிழியப்போகும் இடத்தில் முதலில் நெளிவின் வீச்சு ஒரு முள்ளாக எழும்பும். அதே ஆரத்தில் பரப்படர்த்தி குழிவிழத் தொடங்கும். பிறகு சாய்வுக் கோடு படிக்கட்டுபோல உடைந்து, இரு பக்கமும் தட்டையான துண்டுகளாக நிற்கும். குழியில் மென்மையாக்க நீள விகிதம் தாறுமாறாக ஏறியிருந்தால், அங்கே கிழிந்தது வாயுவா, துகள் பற்றாக்குறையா என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

காந்தப்புலத்தையும் முழுச் சார்பியலையும் சேர்த்து, கட்டங்களாகப் பிரிக்கும் முறையிலேயே மிக நுண்ணிய பிரிதிறனோடு ஹெச்-ஏஎம்ஆர் என்ற நிரலைக் கொண்டு லிஸ்காவும் குழுவினரும் செய்த கணிப்புகளில், மெல்லிய வட்டுகள் உள்ளே நேராவதும், சாய்வு பெரிதானால் கிழிவதும் தெரியவந்தன. ஃபாண்டம் முன்பே காட்டிய நிகழ்வு, முற்றிலும் வேறுபட்ட ஒரு முறையிலும் தோன்றியது பெரிய ஆறுதல். இருந்தாலும் அந்த ஒப்பீடு ஃபாண்டத்தின் எல்லையையும் சுட்டுகிறது. உண்மையான வட்டில் பாகுநிலையாகத் தெரிவது பெரும்பாலும் காந்தக் கொந்தளிப்பு. அது எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் செயல்படும் என்பது வசதிக்காக ஏற்ற ஊகம். ஆல்ஃபா என்ற ஒற்றை எண்ணால் நெளிந்த வட்டை ஓட்டும்போது, பக்கவாட்டு ஓட்டத்தை அடக்கும் விசையையும் வாயுவை வடியவிடும் விசையையும் ஒன்றெனக் கொள்கிறோம். இது ஃபாண்டத்துக்கு மட்டும் உரிய குறை அன்று, ஆனால் பயனர் கையேட்டைப் படித்து முடிப்பவருக்குத் தானாகத் தோன்றாது.

கோள்கள் உருவாகும் வட்டுகளின் நிலை வேறு. அங்கே வட்டு தடிமனானது, ஆல்ஃபா சிறியது. தடிமன் விகிதத்தைவிட ஆல்ஃபா குறையும்போது நெளிவு விரவாமல், ஒலிவேகத்தின் பாதி வேகத்தில் அலையாகப் பயணிக்கிறது. ஃபாண்டம் இதையும் கணிக்கிறது. நீலன், பிரைஸ், நிக்சன் மூவரும் 2015-இல் கருந்துளையைச் சுற்றிய தடிமனான வட்டில் சாய்வு ஆரத்தோடு அலைபோல ஏறி இறங்குவதை இதைக் கொண்டு காட்டினார்கள். ஆனால் மிகச் சிறிய ஆல்ஃபாவில், பக்கவாட்டு ஓட்டங்களே நுண்ணலைகளாக உடைந்து கொந்தளிக்கும் ஒரு நிலையின்மை உண்டு. டெங், ஓகில்வி, மேயர் ஆகியோர் 2021-இல் முழு வட்டில் அதைக் காட்டியபோது கையாண்டது வேறு வகைத் துகள் முறை. செயற்கைப் பாகுநிலையை நம்பியிருக்கும் முறைக்கு அந்த நுண்மை எட்டாது. அதைத் தேடுவோர் ஃபாண்டத்தை எடுக்க வேண்டாம்.

எந்த அளவுக்கு விடை அளவுருவைச் சார்ந்திருக்கிறது என்பதற்கு ஜிடபிள்யூ ஓரியானிஸ் நல்ல எடுத்துக்காட்டு. மூன்று விண்மீன்களைச் சுற்றி, ஒன்றுக்கொன்று சாய்ந்த தூசு வளையங்கள் இருப்பது 2020-இல் விரிவாக வெளியானது. விண்மீன்களின் திருப்புவிசையே வட்டைக் கிழித்தது என்றது ஒரு குழு. ஃபாண்டத்தைக் கொண்டு கணித்த ஸ்மால்வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல், அத்தகைய வட்டுகளுக்குப் பொருத்தமான தடிமனும் பாகுநிலையும் கொடுத்தால் விண்மீன்களால் மட்டும் வட்டு உடையாது, இடையில் பெரிய கோள் ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். எச்டி 142527 என்ற விண்மீனின் கதை இன்னும் கறாரானது. அதன் வட்டிலுள்ள பெருங்குழி, சுருள்கள், நிழல்கள் அனைத்தையும் சாய்ந்த பாதையில் சுற்றும் துணை விண்மீன் ஒன்றே உண்டாக்கும் என்று ஃபாண்டம் கணிப்பு ஒன்று 2018-இல் நேர்த்தியாகக் காட்டியது. துணை விண்மீனின் பாதை பின்னர் துல்லியமாக அளக்கப்பட்டபோது, அவ்வளவு பெரிய குழியைத் தோண்ட அந்தப் பாதை மிகச் சிறியது என்று 2024-இல் தெரியவந்தது. நிரல் தன் வேலையைச் சரியாகவே செய்தது. கொடுத்த பாதைதான் மாறிப்போயிற்று.

பயன்பாட்டு வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லினக்ஸ், மேக் இரண்டிலும் இலவச ஃபோர்ட்ரான் தொகுப்பியோடு ஓடுகிறது. சில லட்சம் துகள்கள் கொண்ட சோதனை ஓட்டத்துக்குப் பல கருக்கள் கொண்ட மேசைக்கணினி போதும். ஒரு கோடியைத் தொட்டால் கணினித் தொகுதி வேண்டும். பைத்தான் பழகியவர்களுக்குச் சாரசென் என்ற தொகுப்பு, ஃபாண்டத்தின் கோப்புகளை நேரடியாகப் படிக்கிறது. படம் வரைய, பிரைஸே எழுதிய ஸ்பிளாஷ் நன்று. ஆனால் அது இயல்பாகக் காட்டுவது பார்வைத் திசையில் கூட்டிய பரப்படர்த்தியை. கூட்டிய படத்தில் நெளிந்த வட்டும் கிழிந்த வட்டும் சில கோணங்களில் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே குறுக்குவெட்டுப் படத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒரே அமைவை இரண்டு துகள் எண்ணிக்கைகளில், செயற்கைப் பாகுநிலையை அதற்கேற்ப மாற்றி ஓட்டி, கிழியும் ஆரம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைக் கட்டுரையில் எழுத வேண்டும்.